மூன்று பெட்டிகளில் என் அடையாளம்

நூ மலையடி
1 ஆகஸ்ட் 2022

அண்ணிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவது முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாலை கைபேசியைத் திறந்தால், உங்கள் புதிய தேனீ வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் நீக்கப்பட்டதாக ஒரு வரி. நீக்கியவர் சியோம்புவா. என் அண்ணன் கிதேகாவின் மனைவி, எனக்குத் தாய் ஸ்தானம். சரி. கைபேசியை என் வீட்டுக்காரி தாபிதாவிடமே கொடுத்துவிட்டேன். அவள் தங்கைகளோடு பேசிக்கொள்ளட்டும். ஒற்றை விரலால் என்னை வெளியே தள்ள முடிகிற பொருள் எனக்கு வேண்டாம். காகிதத்திலிருந்து யாரும் யாரையும் நீக்க முடியாது. முசிலியின் வேன் வாரம் இரண்டு தடவை முவிங்கிக்கு வருகிறது. இனி நமக்குள் பேச்சு அவன் இருக்கைக்கு அடியில்தான் போகும்.

ஈஸ்டர் அன்று நீங்களாகத்தான் கூப்பிட்டீர்கள். "புதுசா வளர்க்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க தம்பி, உன்னை மாதிரி ஒருத்தர் பக்கத்தில இருந்தா தைரியமா இருக்கும்" என்றீர்கள். நானும் வந்தேன். அறுபத்து மூன்று பேர். ஒருவர், கொட்டாமலிருக்க ஈயைப் பழக்குவது எப்படி என்று கேட்டார். ஒரு அம்மாள், ராணிக்குத் தனித் தட்டில் சாப்பாடு வைக்க வேண்டுமா என்று கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். மூன்று மாதம் சொன்னேன்.

பிறகு வந்தாள் அந்தக் கவாதா, கடைவீதியில் துணி தைக்கிறவள். படம் போட்டாள். ஆற்றோர வேலமரத்தில் மூன்று மஞ்சள் பெட்டிகள். மூன்றிலும் காய்ச்சிய கம்பியால் சுட்ட அடையாளம்: இரண்டு சாய்கோடு, நடுவில் வட்டம். என் தாத்தாவின் அடையாளம். என் அப்பா, நான், உங்கள் புருஷன் எல்லோரும், ஈ குடியேறக் குடைந்து மரத்தில் தொங்கவிடுகிற கட்டைகளில் செதுக்கிய அடையாளம். அது இருக்கிற கூடு எங்கள் வீட்டுடையது. கூடும், அதிலுள்ள ஈயும், அடையும், தேனும். இதை இந்த மண்ணில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். படத்துக்குக் கீழே அவள் கேள்வி: ஈ சீக்கிரம் வர இந்தக் குறி கிழக்கே பார்க்கணுமா, ஆத்துப் பக்கம் பார்க்கணுமா?

நான் குரல் பதிவு அனுப்பினேன். மறைக்க ஒன்றுமில்லை, சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏம்மா, நாளைக்கு உன் புருஷன் சட்டையில என் பேரைத் தச்சுட்டு, எந்தப் பக்கம் பார்த்து மாட்டணும்னு கேப்பியா? இல்ல, வீட்டுக்குள்ள யார் பேர் இருக்குன்னே உனக்கு மறந்துபோச்சா? திருடுறவங்களாவது ராத்திரியில திருடுவாங்க, நீ படம் எடுத்துப் போடுற." அவ்வளவுதான். இதில் பொய் எது?

அவளும் புருஷனும் ஓர் ஆட்டையும் ஒரு சுரைக்குடுக்கை தேன்கள்ளும் கொண்டுவந்து என் வாசலில் நின்று கேட்கட்டும். அதற்குப் பிறகு யோசிக்கிறேன்.

முன்யோகி

*

முவிங்கி
5 ஆகஸ்ட் 2022

தம்பி முன்யோகிக்கு,

உன் கடிதம் வந்தது. முசிலி அதன்மேல் ஒரு கோழியை உட்கார வைத்துக் கொண்டுவந்தான். நீ எழுதியதற்கு அது பொருத்தமான இருக்கைதான்.

நம் குழுவில் விதி இரண்டே இரண்டு. கேள்வி கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. உள்ளே வருகிறவர் தேனீயிடம் தான் செய்த தவறு ஒன்றை எழுந்து சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். உன்னை ஈஸ்டர் அன்று இரண்டாவது விதியிலிருந்து நான் விலக்கிவிட்டேன். கொழுந்தன், பெரிய கை, சங்கடப்படுவான் என்று நினைத்தேன். அது என் பிசகு.

மற்றவர்கள் என்னென்ன சொன்னார்கள் தெரியுமா? நான் என் முதல் பெட்டியின் உட்புறத்துக்கு நீல எண்ணெய்ச் சாயம் அடித்தவள். அழகாக இருக்கட்டும் என்று. ஈ வந்து வாசலை முகர்ந்துவிட்டு எதிர்வீட்டு மரத்துக்குப் போயிற்று. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் மலூகி, தேன் வந்துவிட்டதா என்று தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்த்தார். பதினோராம் நாள் ஈ போய்விட்டது. போதகரின் மனைவி ஆட்டுப்பட்டிக்கு மேலே பெட்டியைத் தொங்கவிட்டார். அந்த ஆடுகளைப் பற்றி இப்போது பேச வேண்டாம். இவற்றைச் சொல்லி முடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள். விதியின் பலன் அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

கவாதாவை உட்கார வைத்துக் கேட்டேன். "அந்தக் குறி போட்ட கட்டைதான் எப்பவும் நிறைஞ்சிருக்கும்னு சின்ன வயசிலேர்ந்து காதுல விழுந்துச்சு மிஸ். அதுவும் வேலையில ஒரு பகுதின்னு நெனச்சுட்டேன்" என்றாள். அவள் அப்பா கழுதையில் தண்ணீர் விற்றவர். அந்த வீட்டில் மரமேறியவரும் இல்லை, அடையாளமும் இல்லை. புதிதாகச் சமைக்கிறவள், கைமணக்கச் சமைக்கிற வீட்டுப் பானையைப் பார்த்து, அதிலிருக்கும் கீறலையும் சேர்த்துத் தன் பானையில் போட்டுக்கொள்வது இல்லையா, அந்த மாதிரி. திருடியவள் நீ பார்க்கும்படி படம் போடுவாளா? உன் பதிவில் நீயே கேட்ட கேள்விதான். பதிலுக்குக் காத்திருக்க உனக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்று. உன் பேச்சை அவள் புருஷன் மூன்று தடவை போட்டுக் கேட்டானாம். ஒரு வாரமாக அவள் கையால் அவன் சாப்பிடவில்லை.

அவள் பெட்டிகள் மூன்றிலும் ஈ இருக்கிறது. ஆனால் உன் அடையாளம் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அவற்றைத் தொடவில்லை. வேறு யாரும் தொடவும் மாட்டார்கள். எறும்பு ஏறாமல் தொங்குகம்பிக்கு மசகு தடவ ஆளில்லை, செவ்வெறும்பு மரத்தடிக்கு வந்துவிட்டது. அடையாளத்தைக் குறுக்கே வெட்டி விடுவிக்கிற உரிமை உனக்கு மட்டும்தான். வா, வெட்டு, அவளிடமும் அவனிடமும் இரண்டு வார்த்தை சொல்.

உன் மலையில் ஊற்று வற்றிவிட்டது என்று முசிலி சொன்னான். மார்ச் மழையும் பொய்த்தது. ஆற்றோரத்தில் எங்கள் இடத்தில் வேலமரங்கள் பச்சையாக நிற்கின்றன, மணலுக்கடியில் தண்ணீர் இருக்கிறது. உன் கட்டைகள் நாற்பத்தாறுக்கும் கிளை உண்டு. ஆனால் அங்கே தொங்குவது உறுப்பினர்களுடையது மட்டும். ஈ தண்ணீரில்லாத இடத்தில் உன் மரியாதைக்காக உட்கார்ந்திருக்காது தம்பி.

சியோம்புவா

*

நூ மலையடி
9 ஆகஸ்ட் 2022

அண்ணிக்கு,

முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற பழக்கம் உங்களை விடவில்லை. என்னையும் பலகை மேல் ஏற்றி நிற்க வைத்து, தவறு சொல் என்கிறீர்கள்.

தவறா? சொல்கிறேன். ஈஸ்டர் அன்று உங்களுக்குச் சரி என்றேன். அதற்கு முன்னால் தேனீயிடம் நான் தவறு செய்ததில்லை. ஏழு வயதில் அப்பாவோடு மரமேறினேன். கட்டையின் மேல் காதை வைத்தால் உள்ளே ராணி புதிதா பழையதா என்று சொல்வேன். உங்கள் ஆட்கள் வைத்திருக்கிறார்களே மஞ்சள் பெட்டி, அது தேனீ வீடு இல்லை, தபால் பெட்டி. கையில் உறை, தலையில் வலை, காலில் மழைச்செருப்பு. போன மாதம் அப்படி ஒருவரைப் படத்தில் பார்த்துவிட்டுத் தாபிதா கேட்டாள், "இவர் தேன் எடுக்கப் போறாரா, நிலாவுக்குப் போறாரா?" என்று.

சமையல், பானை, கீறல் என்று கதை சொல்கிறீர்கள். நானும் ஒன்று சொல்லட்டுமா? உங்கள் பக்கத்து வீட்டுக்காரன் உங்கள் மாட்டின் சூட்டைப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று தன் மாட்டுக்கும் போட்டால், சாயங்காலம் அந்த மாடு யார் தொழுவத்துக்குப் போக வேண்டும்? முறைப்படி அந்த மூன்று பெட்டியும் என்னுடையவை. எறும்பு தின்றால் என் ஈயைத்தான் தின்கிறது. அவள் ஏன் அழ வேண்டும்? அவள் புருஷன் சாப்பிடாததற்கு நான் என்ன செய்ய? பசித்தால் சாப்பிடுவான்.

என் ஈ எங்கும் போகாது. மூன்று தலைமுறையாக இந்த மலையில் இருக்கிறது. பெருக்க மரத்துப் பொந்துகளில் இன்னும் ஈரம் இருக்கிறது. ஊருக்கு வெளியே கால் வைக்காத என் கட்டைகளை, தபால் பெட்டிகளுக்கு நடுவில் கொண்டுவந்து தொங்கவிட்டு, நானும் எழுந்து நின்று, ஐயா நான் நீலச் சாயம் அடித்தேன் என்று சொல்ல வேண்டுமாக்கும்.

ஆடு. தேன்கள்ளு. என் வாசல். மாற்றமில்லை.

முன்யோகி

பின்குறிப்பு: ஆற்று மணலில் இப்போது எத்தனை முழம் தோண்டினால் தண்ணீர்? சும்மாதான் கேட்கிறேன்.

*

முவிங்கி
16 ஆகஸ்ட் 2022

முன்யோகிக்கு,

ஒன்பது வருஷத்துக்கு முன் உன் அண்ணன் இறந்து நாற்பதாம் நாள், அவர் மரங்களில் தொங்கிய எழுபது கட்டைகளையும் நீ இறக்கிக்கொண்டு போனாய். அதே அடையாளம், அதே வீடு, ஆகவே உன்னுடையது. நான் வாசலில் நின்று பார்த்தேன். இருபத்தாறு வருஷம் அந்தக் கட்டைகளின் தேனைத் தலையில் சுமந்தவள். ஒரு கட்டையை வைத்துவிட்டுப் போகிறேன் அண்ணி என்று நீ சொல்லவில்லை. "பொம்பளை மரமேற முடியுமா, உங்களுக்கு எதுக்கு" என்றாய். மரமேற முடியாதவர்களுக்காகத்தான், இடுப்பு உயரத்தில் தொங்குகிற தபால் பெட்டிகளை நான் வாங்கினேன். அந்த எழுபது இப்போது உன்னிடம் எத்தனையாக இருக்கின்றன என்று நான் கேட்கவில்லை. உன்னுடையதும் சேர்த்து மொத்தமே நாற்பத்தாறு என்று ஊருக்குத் தெரியும். காதை வைத்தே ராணியின் வயதைச் சொல்கிற மனிதரின் கணக்கு அது.

மணலில் எத்தனை முழம் என்று கேட்கிறாயா? எல்லாம் தெரிந்தவருக்குத் துணி தைக்கிறவர்களும் போலீஸ்காரர்களும் என்ன சொல்லித் தர முடியும்? மணலின் மேல் காதை வைத்துப் பார்.

உன் கடிதத்தை வருகிற சனிக்கிழமை கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன். நல்ல தமாஷை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

சியோம்புவா

*

நூ மலையடி
24 ஆகஸ்ட் 2022

அண்ணிக்கு,

முசிலி வேனை நிறுத்திவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "ஐயா, உங்க கடுதாசிக்கு முவிங்கியில நல்ல கைதட்டலாம். அந்தப் போலீஸ்காரர் கண்ணுல தண்ணி வர சிரிச்சாராம்."

கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பது உங்கள் விதி. உங்கள் விதிக்கு நல்ல ஆயுசு.

இனி எழுத மாட்டேன்.

முன்யோகி

*

முவிங்கி
29 ஆகஸ்ட் 2022

தம்பி முன்யோகிக்கு,

நீ எழுத வேண்டாம். நான் எழுத வேண்டும்.

வாசித்தேன். குரலை உன்னைப் போல வைத்துக்கொண்டு வாசித்தேன். நிலாவுக்குப் போகிறவர் என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் படத்தில் இருந்தவரே சிரித்தார். நான் நிறுத்தி, சிரிப்பு ஓய்ந்த பிறகு அடுத்த வரிக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், ஒன்பது வருஷத்தில் அவ்வளவு இனிப்பாக ஒன்றும் எனக்குக் கிடைத்ததில்லை. கடைசியில் உன் பின்குறிப்பையும் வாசித்தேன். மணலில் எத்தனை முழம், சும்மாதான் கேட்கிறேன். அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

கவாதா சிரிக்கவில்லை. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"மிஸ், இது கேள்விதானே" என்றாள்.

"எது" என்றேன்.

"தண்ணி எத்தனை முழத்துலன்னு அந்த ஐயா கேட்டிருக்கார். வேற எதுக்குக் கேப்பார்? அவர் ஈ சாகுது. கேள்வி கேட்டவங்களைப் பார்த்து சிரிக்கக்கூடாதுன்னு நீங்கதான் போர்டுல எழுதிப் போட்டீங்க. அவர் என்னைச் சொன்னது எனக்கு இன்னும் வலிக்குது. அது வேற. இது கேள்வி."

பிறகு உட்கார்ந்து மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் உன் கடிதத்தை எத்தனை தடவை படித்திருப்பேன், நாலைந்து இருக்கும். ஒரு தடவையும் அந்த வரி எனக்குக் கேள்வியாகத் தெரியவில்லை. வகுப்பில் பின்வரிசைப் பையன் சிரித்துக்கொண்டே சந்தேகம் கேட்பான், கேலிக்குக் கேட்கிறான் என்று அடித்துவிட்டு, சாயங்காலம் நோட்டைத் திருத்தும்போதுதான் அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை என்று தெரியும். எனக்கு அது இரண்டு முறை நடந்திருக்கிறது. மூன்றாவது முறை அறுபத்தாறு வயதில் நடந்தது.

விதிப்படி எழுந்து நின்று சொன்னேன்: ஒருவர் கேள்வி கேட்டார், நான் அதை வைத்துச் சிரிப்பு மூட்டினேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மலூகி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

உன் கேள்விக்குப் பதில்: மேல்கரையில் நாலு முழம். வளைவுக்குப் பக்கத்தில் மூன்றே முழம். வேலமரம் மொட்டு விட்டிருக்கிறது, செப்டம்பரில் பூக்கும். சீக்கிரம் வா. என் மேல் இருக்கிற கோபத்தைக் கையோடு கொண்டுவா, பரவாயில்லை. ஈயை மட்டும் காத்திருக்க வைக்காதே.

சியோம்புவா

*

நூ மலையடி
28 செப்டம்பர் 2022

அண்ணிக்கு,

எழுத மாட்டேன் என்றேன். எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். ஒரு தையல்காரி எனக்காகப் பரிந்து பேசினாள் என்பது, அவள் என்னைத் திட்டியிருந்தால் வந்திருக்கக்கூடிய எரிச்சலைவிட அதிகமாக எரிந்தது. அவள் பரிவில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆற்றுக்கு வருவதா என்று இருந்தேன். நாலு வாரம் அப்படி இருந்தேன்.

உங்கள் குழுவின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஜூலையிலேயே எனக்குத் தெரியும். ராணி முட்டையிடுவது நின்றுபோயிருந்தது. அடைகளை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தன. கிளம்பப் போகிற குடும்பம் அரிசிப் பானையைக் கழுவி வைப்பது போல. காதை வைக்காமலே தெரிந்தது. ஆனாலும் ஆட்டுக்காகக் காத்திருந்தேன். செப்டம்பர் முதல் வாரம் மேல்சரிவில் முதல் கட்டையின் ஈ போனது. பட்டப்பகல், நானும் தாபிதாவும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்; வாசலிலிருந்து கறுப்புத் துணியை உருவுகிற மாதிரி வெளியே வந்து, ஒரு சுற்று சுற்றி, கிழக்கே போயிற்று. மறுநாள் நாலு. பிறகு நான் எண்ணவில்லை. கழுதையில் தண்ணீர் கொண்டுவந்து தட்டுகளில் வைத்தேன், மேலே குச்சி போட்டு, மூழ்காமல் குடிக்கட்டும் என்று. ஈயைவிடக் குருவிதான் அதிகம் குடித்தது.

நேற்று தாபிதா அடுப்பில் முதோகோய்ச் சோளத்தைக் கிண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கட்டையில ஈ இல்ல. உங்க வாயில மட்டும்தான் கொடுக்கு மிச்சம் இருக்கு. அதையும் ஒரு மரத்துல கட்டித் தொங்கவிடுங்க."

இப்போது மூன்று கட்டைகளில்தான் ஈ இருக்கிறது. மூன்றும் பெருக்க மரத்து நிழலில் இருந்தவை. இன்னும் பத்து நாள் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கிளை இருக்கிறதா?

முன்யோகி

*

முவிங்கி
1 அக்டோபர் 2022

தம்பிக்கு,

கிளை இருக்கிறது. வேலமரம் பூத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முசிலியின் வேனில் வா. சாயங்காலம் அடங்கிய பிறகு வாசலை அடைத்து, ஈரச் சாக்கு சுற்றிக் கொண்டுவா என்று எழுத வந்தேன், உனக்கே நான் இதை எழுதுவதா என்று நிறுத்தினேன், ஆனாலும் எழுதிவிட்டேன்.

கவாதாவின் பெட்டிகளில் ஒன்றை எறும்பு முடித்துவிட்டது. மற்ற இரண்டும் கனமாக இருக்கின்றன. மூடியை அடை முட்டித் தூக்குகிறது. யாரும் தொடவில்லை. முறைப்படி உன்னுடையவை என்று நீ எழுதினாய். உன்னிடம் மூன்று கட்டைதான் மிச்சம் என்பதும் எனக்குத் தெரியும். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க மாட்டேன். அவளும் அவள் புருஷனும் சனிக்கிழமை காலை ஆற்றில் இருப்பார்கள். ஆடு வராது.

சியோம்புவா

*

நூ மலையடி
10 அக்டோபர் 2022

அண்ணிக்கு,

நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், நடந்ததைப் போலீஸ்காரர் தன் பாணியில் வந்து சொல்லியிருப்பார். என் பாணியில் நானும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று கட்டைகளும் வந்து சேர்ந்தன. ஒன்றில் ஈ பாதிதான். மறுநாள் காலையிலேயே மகரந்தம் கொண்டுவர ஆரம்பித்துவிட்டன, காலில் மஞ்சள் உருண்டையோடு. பார்த்து எத்தனையோ மாதம் ஆயிற்று.

பிறகு அந்த இரண்டு பெட்டிகள். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அண்ணி, ஒரு தபால் பெட்டிக்குள் அப்படி அடை கட்டி நான் பார்த்ததில்லை. என் அடையாளம் வெளியே, உள்ளே விளிம்பு வரை தேன். வேனில் ஏற்றிக்கொண்டு போனால் கேட்க ஆளில்லை. பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்தாலும் எனக்குத்தான் சொல்வார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று எழுத மாட்டேன். கவாதா பத்தடி தள்ளி நின்றாள். கண்ணைத் தாழ்த்தவும் இல்லை, கேட்கவும் இல்லை. மரம் செதுக்குகிற வாச்சியை எடுத்தேன். வட்டத்தின் நடுவில் குறுக்கே ஒரு வெட்டு, அடுத்த பெட்டியில் ஒரு வெட்டு. செத்த பெட்டியிலும் வெட்டினேன். இனி என்ன அடையாளம் போடப் போகிறாய் என்றேன். "கவாதான்னு பெயின்ட்ல எழுதிக்கிறேன் ஐயா" என்றாள். பெயின்டாம். வெளிப்புறத்தில் மட்டும் எழுது என்றேன்.

அவள் புருஷனிடம், "உங்க வீட்டம்மாவைப் பத்தி நான் பேசினது அழுக்குப் பேச்சு. அவங்க மேல ஒண்ணுமில்ல, என் வாயிலதான்" என்றேன். அவன் பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் சொன்னான்: "அன்னிக்கு எத்தனை பேர் காதுல விழுந்துச்சோ, அத்தனை பேர் காதுலயும் இதுவும் விழணும்." நியாயம்தான். அவன் கைபேசியிலேயே, அவன் பிடித்துக்கொண்டிருக்க, அதே வார்த்தைகளைக் குழுவுக்குச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவன் கவாதாவின் பையிலிருந்து ஒரு சப்பாத்தியை எடுத்துக் கடித்துக்கொண்டே ஆற்றுப் பக்கம் போனான்.

பிறகு கூட்டம். எழுந்து நின்றேன். சமாளிக்க நாலைந்து தவறு யோசித்து வைத்திருந்தேன், சின்னதாக, யாருக்கும் வலிக்காததாக. வாயைத் திறந்ததும் வேறு வந்தது. ஈ போகப் போகிறது என்று ஜூலையிலேயே தெரியும், ஓர் ஆடு என் வாசலுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன், நாற்பத்து மூன்று கட்டை போயிற்று என்றேன். அண்ணன் கட்டைகளைப் பற்றியும் சொன்னேன். அது தேனீயிடம் செய்த தவறு இல்லை, உங்களிடம் செய்தது, ஆனாலும் சொன்னேன். மழை வந்து ஈ திரும்பினால், குடியேறுகிற முதல் கட்டை உங்களுடையது. அடையாளத்தை வெட்டியே தருவேன்.

உட்காருவதற்கு முன்னால் ஒரு கேள்வியும் கேட்டேன். காலிக் கட்டை நாற்பத்து மூன்று இருக்கிறது, மழை வரும்போது ஈயை உள்ளே அழைக்க என்ன செய்யலாம்? எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. கையில் ஈ இல்லாதவன் கேள்வி கேட்பதுதான் இங்கே வழக்கம் என்று போர்டில் பார்த்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

போன வாரம்தான் சேர்ந்தவராம், பால் வண்டி ஓட்டுகிறவர், பெயர் ந்சாவு. இன்னும் ஒரு ஈயும் அவரைக் கொட்டியிருக்காது. அவர் கையைத் தூக்கி, பொறுமையாக, எனக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "பழைய தேன்மெழுகை உருக்கி உள்பக்கம் நல்லா பூசுங்க ஐயா. எவ்வளவு பூசுறீங்களோ அவ்வளவு நல்லது. வாசனைக்கு வரும்." ஏழு வயதில் எனக்குத் தெரிந்தது. அதிலும் பாதி தப்பு. நிறையப் பூசினால் ஈக்கு முன்னால் அந்துப்பூச்சிதான் குடியேறும். வாசலைச் சுற்றி ஒரு விரல் அகலம் போதும்.

"சரிங்க" என்றேன். அத்தனை பேருக்கு முன்னால்.

கூட்டம் முடிந்ததும் அவர் வண்டி வரை கூடவே நடந்து போனேன். யார் காதிலும் விழாத தூரம் வந்த பிறகு அந்துப்பூச்சியைப் பற்றிச் சொன்னேன். அவர் பால் கேனைக் கட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். "தெரியும் ஐயா" என்றார். "உங்களுக்குக் குழப்பமா இருக்குமேன்னுதான் அங்க சொல்லல."

நான் சிரிக்கவில்லை, அண்ணி. வேன் நூ மலையின் முதல் திருப்பம் வந்து சேரும் வரை சிரிக்கவில்லை.

முன்யோகி